வழக்கறிஞர் இல்லாத கடைசி நாள்

கேள்வி: சட்டம் படிக்கும் என் மகள் குற்றவியல் வழக்கறிஞராகப் போகிறாளாம். "போதைப்பொருள் கடத்துறவனுக்கா வாதாடப் போறே?" என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். தப்பு செய்தவன் என்று தெரிந்தும் எப்படி வாதாடுவது?
- ஒரு தாய், தெப்ராவ்

பதில்: உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய நீரிணைக்கு அக்கரையில் நடந்ததைச் சொல்கிறேன், அம்மா. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்ற மருத்துவ மதிப்பீட்டை எடுத்துச் சொல்லி வாதாடியது வழக்கறிஞர்கள்தான். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் சொல்ல ஒரு வாய் இருந்தது. 2022 ஏப்ரல் 26 அன்று அதுவும் இல்லை. கடைசி மனுவுக்கு வழக்கறிஞர் இல்லாமல், பெற்ற தாயே நீதிபதிகள் முன் நின்றார். மனு தள்ளுபடி. மறுநாள் விடியலில் தூக்கு.

நம் மலேசிய வழக்கறிஞர்களுக்கான 1978-ஆம் ஆண்டு நெறி விதிகள் தெளிவாகவே இருக்கின்றன: குற்றம் செய்தாரா இல்லையா என்ற சொந்த அபிப்பிராயத்தை ஒதுக்கிவைத்து வாதாட வேண்டும், அதுவும் நேர்மையான வழியில். பொய்ச்சாட்சி நிறுத்தக்கூடாது. பொட்டலம் யார் யார் கைக்கு மாறியது, எடை சரியா என்று துருவிக் கேட்கலாம். தீர்ப்பு நீதிபதியின் வேலை.

மகளைத் தடுக்காதீர்கள். ஒரு நாள் காலையில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போங்கள். லோக்காப் சட்டையும் கைவிலங்குமாக வரும் பையன்களின் முகத்தை நீங்களும் பாருங்கள்.