விரலும் காதும் தேர்ந்தெடுக்கும் லேப்டாப்

பார்வையற்ற மகனுக்கோ மகளுக்கோ லேப்டாப் வாங்கக் கிளம்பும் பெற்றோர் பலர், அதற்கென்று தனி கம்ப்யூட்டர் எங்காவது விற்கிறதா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1987இல் அமெரிக்காவில் வந்த 'பிரெய்ல் 'ன் ஸ்பீக்' கருவியில் திரையே கிடையாது. பிரெய்ல் விசைகளில் தட்டெழுதினால் அது பேசும். இன்று எல்லோரும் வாங்கும் சாதாரண விண்டோஸ் லேப்டாப்பே போதும்.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடருக்குப் பெரும் பணம் வேண்டும் என்பதும் பழைய கதை. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கிய என்விடிஏ முழுக்க இலவசம். அவரும் பார்வையற்றவர்தான். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். இயந்திரக் குரல்தான், இரண்டு நாளில் காது பழகிவிடும்.

"திரையைப் பார்க்கப்போவதில்லையே, இருப்பதிலேயே மலிவானது போதாதா?"

கடைக்காரர்கள் நல்ல மனதோடுதான் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்கிரீன் ரீடர் மற்ற எல்லா மென்பொருள்களோடும் சேர்ந்து ஓயாமல் ஓடுகிறது. வலைப்பக்கம் திறந்தால், அதிலுள்ளதையெல்லாம் திரட்டித் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறது. 4 ஜிபி நினைவகமும் சோம்பேறிப் பிராசசரும் உள்ள இயந்திரத்தில், விசையை அழுத்தியபின் பேச்சு வரக் காத்திருக்க வேண்டும். பார்வையுள்ளவர் அந்த நேரத்தில் திரையைப் பார்த்து எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார். கேட்டே வேலை செய்பவருக்கு அந்த மௌனத்தில் எதுவுமே தெரியாது. 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் அவருக்கு ஆடம்பரம் அல்ல. உயர்ரகத் திரைக்கும் கிராபிக்ஸ் அட்டைக்கும் கொடுக்கும் பணத்தைத் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர் பெரிய, கண் கூசாத திரையைத்தான் தேட வேண்டும்.

"நம்பர் பேட் இல்லாத சின்ன லேப்டாப்பில் ஸ்கிரீன் ரீடர் ஓடாது."

நன்றாகவே ஓடும். என்விடிஏவில் லேப்டாப்புக்கென்றே தனி விசை அமைப்பு உண்டு. கட்டளைகளுக்கு இன்சர்ட் விசைக்குப் பதில் கேப்ஸ் லாக்கை வைத்துக்கொள்ளலாம். கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. எஃப், ஜே விசைகளின் மேடு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படுகிறதா? மேல்வரிசை எஃப்1 முதல் எஃப்12 வரை நான்கு நான்காக இடைவெளி விட்டிருக்கிறதா, ஒரே கோடாக நீள்கிறதா? ஹோம், எண்ட், பேஜ் அப் எல்லாம் தனி விசைகளா, எஃப்என்னைச் சேர்த்துப் பிடித்தால்தான் வருமா? நாளெல்லாம் இவற்றை வைத்தே நகர்பவருக்கு இரண்டு விசை சேர்த்து அழுத்துவது சீக்கிரமே கைவலியாகும். சில மெல்லிய லேப்டாப்களில் பவர் பொத்தானையே டெலிட் விசைக்குப் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள். ஒரு எழுத்தை அழிக்கப்போய் இயந்திரமே உறங்கிப்போகும். யார் யோசித்தார்களோ!

இதையெல்லாம் விளம்பரத்தாளில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. வாங்குபவரே கடைக்குப் போய், விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸிலேயே இருக்கும் நரேட்டர் பேசத் தொடங்கும். இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் என்விடிஏ பிரதியை எடுத்துப்போவது இன்னும் உத்தமம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் செயலிகளை மட்டுமே அனுமதிக்கும் 'எஸ் மோடில்' உள்ள இயந்திரம் அதை ஓடவிடாது. அந்த மோடிலிருந்து இலவசமாக வெளியேறலாம், ஆனால் திரும்பப் போக முடியாது.

"புளூடூத் ஹெட்செட் இருந்தால் போதும்."

பாட்டுக்குப் போதும். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வரும். பேச்சு நின்று மீண்டும் தொடங்கும்போது முதல் அசையை விழுங்கிவிடுவதும் உண்டு. ஒயர் ஹெட்போன் செருகும் துளை இல்லாத லேப்டாப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருந்தால் மடியிலோ மெத்தையிலோ வைத்ததும் குரல் அமுங்கிவிடும்.

கூடவே ஒரு யுஎஸ்பி ஹெட்செட்டும் வாங்கிவிடுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவும்போது ஒலிக்கான டிரைவர் இல்லாவிட்டால் நரேட்டரும் ஊமையாகிவிடும்; யுஎஸ்பி ஹெட்செட்டுக்கு விண்டோஸில் உள்ள டிரைவரே பெரும்பாலும் போதும். விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயாஸ் திரை மட்டும் பொதுவாக எதற்கும் பேசாது. அங்கே பக்கத்தில் இருப்பவரைத்தான் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் போன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து 'பீ மை ஐஸ்' செயலியில் யாரையாவது வாசிக்கச் சொல்ல வேண்டும்.