எஸ் என்னும் ஆங்கில எழுத்து

ஆங்கில நெடுங்கணக்கின் பத்தொன்பதாம் எழுத்தாகிய எஸ், பினீசியரிடத்துத் தோன்றிக் கிரேக்கர், எத்ருஸ்கர், உரோமர் வழியே ஆங்கிலரை அடைந்தது. வடிவ வரலாற்றினும், அது விகுதியாய் நின்று ஆற்றும் தொழிலே நம் கருத்தை ஈர்க்கின்றது. 'புக்ஸ்' எனப் பெயரின்பின் பன்மை காட்டும் அவ்வெழுத்தே, 'சிட்ஸ்' என நிகழ்கால வினையின்பின் படர்க்கை ஒருமை காட்டுதல் தமிழ் மாணாக்கர்க்கு மயக்கந் தருவதாம். உருவால் ஒன்றாயினும் பிறப்பால் இவை வேறு. பன்மை விகுதி, பண்டை ஆங்கிலத்து 'அஸ்' என்னும் ஈற்றின் தேய்வு. வினைவிகுதியோ வடபுல வழக்கினின்று பரவி, 'எத்' என்னும் பழைய ஈற்றை ஒழித்தது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் அப்பழைய ஈறே நிற்கக் காண்கின்றோம்.

ஆறாம் வேற்றுமைப் பொருளில் வரும் எஸ்ஸின் வரலாறோ சுவை மிக்கது. அது, 'அவனுடைய' எனப் பொருள்படும் 'ஹிஸ்' என்பதன் குறுக்கமென்று பலர் நெடுங்காலம் நம்பினர். 1605-இல் அச்சான பென் ஜான்சன் நாடகத்திற்குச் 'செஜானஸ் ஹிஸ் ஃபால்' என்றே பெயர். 'உடைய' என்பதனைச் சொல்லுருபாக வழங்கும் நமக்கு இக்கொள்கை பொருத்தமாகவே தோன்றும். ஆயின் மற்றொரு ஜான்சன், அகராதி இயற்றிய சாமுவேல் ஜான்சன், பெண்பாற் பெயரும் பன்மைப் பெயரும் அவ்வுருபையே ஏற்றலின் அஃது 'ஹிஸ்' ஆகாதென 1755-இல் மறுத்தார். ஈ, எஸ் என ஈரெழுத்தாய் நின்ற பண்டை வேற்றுமை ஈறே அதன் மூலம். முன்னின்ற உயிர் கெட்டமைக்கு அடையாளமாகவே எஸ்ஸின்முன் மேற்குறி இடுகின்றனர். அக்குறியை வெறும் பன்மைக்கும் இட்டெழுதுவார் இன்றும் பலர்.