விழாக் கமிட்டிக்கு எவ்வளவு அதிகாரம்?

கேள்வி: விழா விதியை மீறியவருக்கு எங்கள் கமிட்டி அபராதம் போட்டு, கட்டாவிட்டால் ஊரோடு ஒட்டு உறவு கிடையாது என்கிறது. சட்டத்தில் இதற்கு இடமுண்டா?
– ஒரு வாசகர், கப்பலூர்

பதில்: ஊரைவிட்டு ஒதுக்கிவைக்க எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் இல்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் என்றாலும், அதன் துணைவிதி உறுப்பினரைத்தான் கட்டும். மிரட்டிப் பணம் வாங்கினால் அது பாரதிய நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவின்படி குற்றம். ஒதுக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்து, ஒதுக்கியவர்கள் அப்படியல்லாதவர்களாக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும்.

அதற்காகக் கமிட்டி கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் ரகளை செய்பவரை வெளியே போகச் சொல்லலாம். போக மறுத்து, மிரட்டியோ தொந்தரவு செய்தோ அங்கேயே நின்றால் அதே சன்ஹிதாவின் 329ஆம் பிரிவின்படி அத்துமீறல். கை வைக்காமல் போலீஸைக் கூப்பிடுங்கள். தெருவில் நடக்கும் விழாவில் இந்த உரிமையும் சுருங்கிவிடும். பொதுவழியில் நிற்பவரை விரட்டக் கமிட்டி யார்?

பக்கத்து அவனியாபுரம் ஜல்லிக்கட்டைப் பாருங்கள். அங்கே குடித்திருப்பவரை மருத்துவப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்ப முடிகிறதென்றால், காரணம் கமிட்டியின் சொந்த அதிகாரமல்ல; 2017ஆம் ஆண்டின் ஜல்லிக்கட்டு விதிகளும் ஆட்சியரின் அனுமதியும். நடத்துவது யார் என்று தகராறு வந்தபோது, 2020இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது.

அபராதத்தைக் கட்டாதீர்கள். மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.