வைட்டமின் சி ஒத்துக்கொள்ளவில்லையா? குடி ஒன்றும் முழுகிவிடாது!

தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 29. பரு வந்து போன இடமெல்லாம் கன்னத்தில் கருத்துக் கிடக்கிறது. தோழி சொன்னாள் என்று 20 சதவீத வைட்டமின் சி சீரம் வாங்கினேன். பூசி இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை, மிளகாய் அரைத்துத் தடவியது போல எரிகிறது. கன்னம் சிவந்து, அடங்குவதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. 'தாங்கிக்கோ, பழகிடும்' என்கிறாள் அவள். பழகுமா? இல்லை, வேறு ஆன்டி ஆக்ஸிடன்ட்டுக்கு மாறிவிடட்டுமா டாக்டர்?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் அதை நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எரிச்சலைத் தாங்கினால் அழகு கூடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். நம் மாநிறத் தோலில் எங்கே எரிந்து சிவக்கிறதோ, பின்னால் அங்கேதான் கருக்கும். கருமையைப் போக்க வாங்கிய சீரம் புதுக் கருமையை வைத்துவிட்டுப் போகும்.

உங்கள் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் எல்-அஸ்கார்பிக் அமிலமாகத்தான் இருக்கும். அது தோலுக்குள் இறங்க வேண்டுமானால் பி.எச். 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டியது. ஆக, அவ்வளவு புளிப்பை முகத்தில் ஊற்றினால்தான் அது வேலையே செய்யும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழுவினர் பன்றித் தோலில் சோதித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: 20 சதவீதத்துக்கு மேல் கூட்டினாலும் தோல் கூடுதலாக உறிஞ்சிக்கொள்வதில்லை. 25, 30 என்று அச்சடித்து விற்பதெல்லாம் லேபிளுக்குத்தான் அழகு.

உங்களுக்கு வந்திருப்பது எரிச்சல், ஒவ்வாமை அல்ல. பூசியவுடன் எரிந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் எரிச்சல். ஒன்றிரண்டு நாள் கழித்து அரித்து, வீங்கி, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம் வந்தால் ஒவ்வாமை. அப்படி வந்தாலும் வைட்டமின் சி-யே காரணமாக இருப்பது அபூர்வம். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சு எண்ணெய், லிமோனீன், லினலூல், பர்ஃபும் என்று பட்டியலின் கடைசியில் இருக்கும். மணத்துக்காகச் சேர்த்த இவையும், கெடாமல் இருக்கச் சேர்த்த பொருள்களும்தான் பல நேரம் வம்பு செய்கின்றன.

இனி செய்ய வேண்டியது. நான்கு வாரத்துக்கு மென்மையான ஃபேஸ்வாஷ், மணமில்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். இந்த மூன்றைத் தவிர எதுவும் கூடாது. ஸ்க்ரப், டோனர் எல்லாம் அலமாரியிலேயே இருக்கட்டும். தோல் அடங்கிய பிறகு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் பிரச்சினை பருக்கருமை என்பதால் என் முதல் வோட்டு நியாசினமைடுக்கு. 4 அல்லது 5 சதவீதம் போதும். கடையில் 10 சதவீதம்தான் முன்னால் நிற்கும், கை அங்கே போகக் கூடாது. அடுத்தது அசெலாயிக் அமிலம், 10 சதவீதம். பருவையும் அடக்கும், கருமையையும் குறைக்கும். ஆரம்பத்தில் லேசாகக் குறுகுறுக்கும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மாய்ஸ்சரைசருக்கு மேலே பூசுங்கள்.

வைட்டமின் சி என்ற பெயர் இல்லாமல் மனசு ஆறாது என்றால், சோடியம் அஸ்கார்பில் ஃபாஸ்ஃபேட், மெக்னீசியம் அஸ்கார்பில் ஃபாஸ்ஃபேட், அஸ்கார்பில் குளுக்கோசைடு, எண்ணெயில் கரையும் டெட்ராஹெக்ஸைல்டெசில் அஸ்கார்பேட் என்ற வகைகள் இருக்கின்றன. இவற்றுக்கு அந்தப் புளிப்பு தேவையில்லை, அதனால் எரிச்சல் குறைவு. தோலுக்குள் போய் வைட்டமின் சி-யாக மாற வேண்டும் என்பதால் பலனும் குறைவு, ஆதாரமும் குறைவு. எத்தில் அஸ்கார்பிக் அமிலத்துக்கு ஒவ்வாமை வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு; உங்களுக்கு அது வேண்டாம். கருமை இல்லாமல் வெயிலுக்கும் புகைக்கும் துணை தேடுகிறவர்களுக்கு ஃபெருலிக் அமிலம், ரெஸ்வெரட்ரால், கிரீன் டீ சத்து போன்றவை போதும்.

எதை வாங்கினாலும் முதலில் முகத்தில் வைக்காதீர்கள். முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், காலையும் மாலையும், ஒரு வாரம் பூசுங்கள். ஒருமுறை தடவி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்பது சோதனையே அல்ல.

கேள்வி: 900 ரூபாய் கொடுத்து வாங்கிய வைட்டமின் சி சீரம் டீ நிறத்துக்கு மாறிவிட்டது. பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பூசலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கொட்டிவிடுங்கள். காற்றும் வெளிச்சமும் பட்டுச் சிதைந்துவிட்டது. அடுத்த முறை சின்ன பாட்டிலாக வாங்குங்கள். குளியலறை ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள்.

கேள்வி: கெமிக்கல் எதற்கு என்று எலுமிச்சைச் சாறும் தயிரும் கலந்து பூசுகிறேன். இயற்கை வைட்டமின் சி-தானே? ஆனால் நெற்றி ஓரத்தில் கோடுகோடாகக் கருத்திருக்கிறது.
– வாசகி, விருதுநகர்

பதில்: எலுமிச்சையிலிருந்து உங்களுக்குக் கிடைத்தது வைட்டமின் அல்ல, சிட்ரிக் அமிலம். அதன் பி.எச். சுமார் 2. மேலே மதுரை வாசகியை எரித்த சீரத்தைவிடவும் கடுமை! போதாக்குறைக்கு, எலுமிச்சையில் ஃபியூரனோகுமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு மேலே வெயிலும் பட்டால் வெந்துபோகும், பிறகு கருக்கும். சாறு வழிந்த தடத்திலேயே கோடு விழுவது அதன் அடையாளம். அந்தக் கோடு மறைய மாதக்கணக்கில் ஆகும். சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு பொறுமையாக இருங்கள். எலுமிச்சை ரசத்துக்கு, ஊறுகாய்க்கு. தயிர் சாதத்துக்கு.

கேள்வி: வைட்டமின் சி மாத்திரையைப் பொடி செய்து ரோஸ் வாட்டரில் கலக்கிப் பூசினால் சீரம் செலவு மிச்சம்தானே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சர்க்கரை, சாயம், ஆரஞ்சு ஃப்ளேவர் எல்லாம் சேர்த்துச் சப்புவதற்குச் செய்த மாத்திரை அது. வாயில் போடுங்கள். அதுவும் தினம் 500 மில்லிகிராம் தேவையில்லை. ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டாலே ஒரு நாளுக்கு வேண்டியது தாராளமாகக் கிடைத்துவிடும். மிச்சம் சிறுநீரில் போகும்.

கேள்வி: பச்சை நிற வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி இரவில் முகத்தில் தேய்க்கிறேன். அதுவும் ஆன்டி ஆக்ஸிடன்ட்தானே? ஆனால் பொரிப்பொரியாக வருகிறதே.
– வாசகி, சேலம்

பதில்: வராமல் என்ன செய்யும்? விழுங்குவதற்குச் செய்த கெட்டி எண்ணெய் அது. வைட்டமின் ஈ பூசுவதால் ஒவ்வாமை வருகிறவர்களும் உண்டு. நிறுத்துங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். கன்னத்தில் மங்கு படர்கிறது. வைட்டமின் சி பூசினால் எரிகிறது. மாமியார் 'குழந்தைக்கு ஆகாது, எதையும் தொடாதே' என்கிறார். பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. கர்ப்பத்தில் வருகிற மங்கு குழந்தைக்கு ஒன்றும் செய்யாது. பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகவே மங்கிவிடும். வைட்டமின் சி-யும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் எரிகிறது என்கிறீர்களே, எதற்கு அது? அசெலாயிக் அமிலம் கர்ப்பத்தில் பூசத் தக்கது. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ரெட்டினால், ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன் மூன்றும் இப்போது வேண்டாம். அந்த அளவில் மாமியார் சொல்வது சரிதான்.

சன்ஸ்கிரீனை மட்டும் நிறமுள்ளதாக, அதாவது அயர்ன் ஆக்சைடு சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். நம் நிறத் தோலை வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கருக்க வைக்கும். வெள்ளை சன்ஸ்கிரீன்கள் பெரும்பாலும் அதைத் தடுப்பதில்லை.

கேள்வி: இரண்டு வருடமாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு கிரீமை இரவில் பூசினேன். முகம் பளிச்சென்று இருந்தது. நிறுத்தினால் சிவந்து தீயாய் எரிகிறது. இப்போது வைட்டமின் சி, நியாசினமைடு, ஏன், சாதாரண சோப்புகூட ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்படியில் நின்றாலே முகம் காந்துகிறது. என் சென்ஸிட்டிவ் ஸ்கின்னுக்கு ஏற்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் எது?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: எதுவும் இல்லை. உங்களுக்குப் பிறவியிலேயே சென்ஸிட்டிவ் ஸ்கின் இருந்திருக்காது. அந்த கிரீம்தான் உங்கள் தோலை இப்படி ஆக்கியிருக்கிறது.

டியூபை எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், ஃபுளூசினோலோன் இவற்றில் ஒன்று இருக்கும். எல்லாம் ஸ்டீராய்டு. பக்கத்திலேயே ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் இருந்தால் அது மூன்று மருந்துக் கலவை. 1975-ல் கிளிக்மன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சக மருத்துவரும் வகுத்த சூத்திரத்தின் வழி வந்தது. மங்குக்கு, மருத்துவர் பார்வையில், சில வாரங்கள் மட்டும் பூச வேண்டிய மருந்து. நம் ஊரில் அது ஃபேர்னஸ் கிரீமாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் பெண்ணுக்கு வாங்கிக் கொடுக்கிற சீர்வரிசையாகிவிட்டது.

முதல் சில வாரம் முகம் வெளுக்கும், மினுமினுக்கும். ரத்தக்குழாய் சுருங்குவதால் வருகிற மினுமினுப்பு அது. பிறகு தோல் மெலியும். கன்னத்தில் செந்நூல் நூலாய் ரத்தக்குழாய் தெரியும். பரு கிளம்பும், பெண்களுக்குத் தாடை ஓரம் முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள். அப்படித்தான் இரண்டு வருடம் ஓடியிருக்கும். தோல் மருத்துவத்தில் இதற்கென்று ஒரு நோய்ப்பெயர் வைக்கும் அளவுக்கு இந்தியாவில் இது பெருகிவிட்டது.

14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு ஆணையே போட்டது. டியூபிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் பெயரைச் சொல்லிக் கேட்டால் பல கடைகளில் இன்றும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். விற்கிறவர் மீது எனக்கு எவ்வளவு கோபமோ, பக்கத்து வீட்டு அக்கா பூசினாள் என்று கேட்டு வாங்குகிறவர் மீதும் அவ்வளவு கோபம். பார்லரில் லேபிளே இல்லாத டப்பாவில் கொடுப்பது இதைவிட மோசம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் வெளுக்க வைக்கும் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதித்தது. காரணம் கிரீமில் இருந்த பாதரசம்.

உங்களைத் திட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். கிரீமைப் படிப்படியாக எப்படி நிறுத்துவது, எரிச்சலுக்கு என்ன மருந்து என்று அவர் சொல்வார். வெட்கப்பட்டுக்கொண்டு டியூபை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், கையோடு எடுத்துப் போங்கள். சரியாக மாதங்கள் ஆகும், ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தேறிவிடும். அதுவரை சீரம் என்ற சொல்லையே மறந்துவிடுங்கள்.

கேள்வி: வைட்டமின் சி-யும் நியாசினமைடும் சேர்த்துப் பூசினால் விஷமாகிவிடுமாமே?
– வாசகர், திருச்சி

பதில்: ஆகாது. பழைய சோதனைக்கூடக் கதை அது. இரண்டும் உங்களுக்கு ஒத்துக்கொண்டால் பூசுங்கள்.

கேள்வி: பூச்சு ஒத்துக்கொள்ளாததால் குளூட்டாதயோன் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பார்லரில் சொல்கிறார்கள்.
– வாசகி, புதுச்சேரி

பதில்: வேண்டாம். வெளுப்பதற்காக அந்த ஊசியைப் போடாதீர்கள் என்று பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது. பார்லரில் முடி வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: உணவு டெலிவரி வேலை. நாள் முழுக்க பைக்கில் வெயில், புகை. கையில் 500 ரூபாய் இருக்கிறது. எந்த ஆன்டி ஆக்ஸிடன்ட் சீரம் வாங்கலாம்? எனக்கும் வைட்டமின் சி எரியும்.
– வாசகர், சென்னை

பதில்: சீரம் வாங்காதீர்கள் தம்பி, சன்ஸ்கிரீன் வாங்குங்கள். சன்ஸ்கிரீன் தவறவிட்டதைச் சமாளிக்கத்தான் ஆன்டி ஆக்ஸிடன்ட். அதுவே இல்லாமல் சீரம் பூசுவதில் அர்த்தமில்லை. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையக் கூடாது, பி.ஏ. பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்க வேண்டும், வியர்வைக்குத் தாங்குவது என்று போட்டிருக்க வேண்டும். எஸ்.பி.எஃப். 50-தான் வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 30-ஐ ஒழுங்காகப் பூசினால் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. மதிய ஆர்டர் நெரிசலுக்கு முன்னால் முகம் துடைத்து இன்னொரு முறை. மிச்சப் பணத்தில் முழுக்கை உறை ஒரு ஜோடி.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'ஒரு சீரம் போட்டேன், எரிகிறது' என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. பாட்டிலின் முன்பக்கப் படம் தேவையில்லை. பின்பக்கத்தில் உட்பொருள் பட்டியல் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, பூசி எவ்வளவு நேரத்தில் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். முகம் வீங்கியிருந்தாலோ, கண் இமை தடித்திருந்தாலோ பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.