முதல் வலை ஏன் முறுக்கிக்கொள்கிறது?

கேள்வி: பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். அப்பா தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது. நானும் காட்டுப்பள்ளிப் பக்கம் காண்டிராக்ட் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் ஏரிக்குத் திரும்பியிருக்கிறேன். மடவை பிடிக்கலாம் என்று காசிமேட்டில் நரம்பு வலை ஒரு பீஸ் வாங்கி, வீட்டிலேயே நானே கயிறு ஏற்றினேன். 50 மி.மீ. கண்ணி, நீளத்தில் 1000 கண்ணி, உயரத்தில் 50 கண்ணி. ஆறு கண்ணிக்கு ஒரு கட்டு, கட்டுக்கும் கட்டுக்கும் ஒரு சாண் சுமார் 21 செ.மீ. விட்டேன். மேல்கயிறு 35 மீட்டர் வந்தது. கீழ்கயிறு கொஞ்சம் குறைந்துபோய் 34 மீட்டரில் முடிந்தது. பத்துக் கட்டுக்கு ஒரு மிதவை. ஈயம் கையில் இருந்த அளவுக்குப் போட்டேன்.

வலை விட்ட முதல் நாளே வம்பு. தூக்கினால் முறுக்கிக்கொண்டு தடிக்கயிறாக வருகிறது. மிதவைகள் கண்ணிக்குள் மாட்டுகின்றன. சில இடத்தில் கட்டு நகர்ந்து கண்ணிகள் ஒரே பக்கம் குவிகின்றன. பக்கத்து வலையில் மீன் விழுகிறது, என் வலையில் பாசிதான். வலை கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர், "எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டு வேற வாங்கு" என்கிறார். இன்னொரு வலை வாங்கப் பணம் இல்லை. இதையே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும், தம்பி. அறுத்துப் போடவேண்டியது கட்டுநூலை மட்டும்தான். வலை, மிதவை, ஈயம் எல்லாம் மறுபடி உதவும். கயிறுகள் மட்டும் மாறவேண்டியிருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். வேலை முடியும்போது உங்கள் கையில் ஒன்றுக்கு இரண்டு வலை இருக்கும் என்றும் நினைக்கிறேன்.

நீங்கள் அளவுகளைச் சரியாக எழுதியது பெரிய உதவி. முதல் தவறு அந்த 21 செ.மீ.யில் இருக்கிறது. 50 மி.மீ. கண்ணியை இழுத்து நீட்டினால் ஆறு கண்ணி 30 செ.மீ. வரும். அதை 21 செ.மீ. கயிற்றில் கட்டினீர்கள், அதாவது பத்துக்கு ஏழு. இந்தக் கணக்கில் கண்ணி அகலத்திலும் உயரத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு விரிந்து சதுரமாக நிற்கும். ஒரு பீஸில் அதிகப் பரப்பை மறைக்க வேண்டுமென்றால் இதுதான் கணக்கு. வாங்கிய காசுக்கு நீளமான வலை கிடைக்கிறதே என்று முதன்முறை கட்டுகிற எல்லாருக்கும் இதில் ஆசை வரும். மீன் பிடிக்க இது உதவாது. வலை விறைப்பாக நிற்கும். மடவை வந்து முட்டினால் நூல் இடம்கொடுக்காது. மீன் தலையை உள்ளே விடுமுன் திரும்பிவிடும்.

செவுள் மாட்டிப் பிடிக்கிற வலைக்கு உலகம் முழுக்கப் பொதுவான கணக்கு பத்துக்கு ஐந்து. பாவாடைக்குக் கொசுவம் வைப்பது போல, பத்து மீட்டர் வலையை ஐந்து மீட்டர் கயிற்றில் சுருக்கிக் கட்டுவது. அப்போது கண்ணி குறுகி உயரமாக நிற்கும், இழுத்து நீட்டிய உயரத்தில் நூற்றுக்கு 87 பங்கு கிடைக்கும். நண்டுக்கு என்றால் இன்னும் தளர்த்திப் பத்துக்கு நாலு வரைகூடப் போகலாம். நண்டு செவுளில் மாட்டுவதில்லை, காலும் கொடுக்கும் சுற்றிக்கொண்டுதான் சிக்குகிறது, அதற்குத் தொளதொளப்பு வேண்டும். உங்களுக்கு மடவைதான் குறி என்பதால் ஐந்தே போதும். ஆறு கண்ணிக்கு 15 செ.மீ. உங்கள் 35 மீட்டர் வலை 25 மீட்டராகக் குறையும். மனது கேட்காது என்று தெரியும். அடுத்ததைப் படியுங்கள்.

உயரத்தில் 50 கண்ணி என்றால் நீட்டிய அளவு 2.5 மீட்டர். பத்துக்கு ஐந்து கட்டினால் தண்ணீரில் நிற்கும் உயரம் 2 மீட்டருக்கும் மேல். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமோ சுமார் 1 மீட்டர். சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி என்றாலும், பரப்பில்தான் பெரியது, ஆழத்தில் இல்லை. மிச்சமுள்ள ஒரு மீட்டர் வலை எங்கே போகும்? சேற்றில் மடிந்து கிடக்கும். உங்களுக்கு வருகிற பாசி முழுக்க அங்கிருந்துதான். கடைக்காரர் கடலுக்கான உயரத்தில் கொடுத்திருக்கிறார், நீங்கள் ஏரிக்கு என்று சொல்லாமல் வாங்கியிருப்பீர்கள்.

ஆகவே வலையை நடுவில் நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். 25 கண்ணி உயரம் ஏறக்குறைய 1.1 மீட்டர் நிற்கும், மூன்று நான்கு அடித் தண்ணீருக்கு அதுதான் பொருத்தம். 25 மீட்டரில் இரண்டு வலை, மொத்தம் 50 மீட்டர். ஆசைப்பட்ட 35-ஐ விடக் கூடுதல். வெட்டும்போது ஒரு வரிசைக் கண்ணியைத் தேர்ந்து, அதே வரிசையின் நடுவிலேயே கத்தரி போகவேண்டும். முடிச்சில் கத்தரி பட்டால் மேலே உள்ள கண்ணியும் அவிழும். ஒரு வரிசை வீணாவது பரவாயில்லை. வெட்டின ஓரத்தில் தடித்த நூலால் ஒரு வரிசைக் கண்ணி புதிதாக முடிந்து சேருங்கள். நரம்பு ஓரத்தை நேராகக் கயிற்றில் கட்டினால், இழுக்கிற பாரம் முழுவதும் அந்த மெல்லிய நரம்பில் விழுந்து அங்கிருந்து கிழிய ஆரம்பிக்கும். வெட்டிய நரம்புத் துணுக்குகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். பூநாரையும் கூழைக்கடாவும் இறங்குகிற தண்ணீர் அது. காலில் நரம்பு சுற்றின பறவை பிழைப்பது கஷ்டம், நைலானோ வருடக்கணக்கில் மக்காது.

இனி முறுக்கு. இதற்குக் காரணம் வலையில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. மூன்று புரிக் கயிறு பாரம் இழுக்கும்போது புரி அவிழும் திசையில் சுற்றும். ஒற்றைக் கயிறாக இருந்தால் அது சுற்றுகிற சுற்றில் வலையும் சேர்ந்து சுருளும். பழைய கை என்ன செய்யும் தெரியுமா? மேலே தடித்த ஒரே கயிற்றுக்குப் பதிலாக மெல்லிய கயிறு இரண்டு போடும், இரண்டும் எதிரெதிர் முறுக்காக. கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் புரி கீழிருந்து வலப்பக்கம் ஏறவேண்டும், மற்றதில் இடப்பக்கம். ஒன்று சுற்றப் பார்த்தால் மற்றது தடுக்கும். கடையில் இரண்டு முறுக்கும் கிடைக்காவிட்டால் முறுக்காமல் பின்னிய கயிறு வாங்குங்கள், அது சுற்றாது.

இரண்டு கயிறு போடுவதில் இன்னொரு லாபம். ஒரு கயிற்றில் மிதவைகளைக் கோத்து, மற்றக் கயிற்றில் வலையைக் கட்டி, இரண்டையும் கட்டுக்குக் கட்டு சேர்த்துப் பிணைக்கலாம். மிதவை தன் இடத்தைவிட்டு நகராது. மிதவையின் இருபக்கமும் ஒட்டினாற்போல் ஒரு கட்டு இருந்தால் கண்ணிக்குள் புகுந்து மாட்டுவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

புதுக் கயிற்றை உருளையிலிருந்து எடுக்கும் விதத்திலும் முறுக்கு ஏறும். உருளையைத் தரையில் படுக்கவைத்து மேலாகச் சுருள் சுருளாக உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு கூடும். உருளைக்குள் ஒரு கம்பைச் செருகி, அது சுழல நேராக இழுங்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு பனைமரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டி ஓர் இரவு விடுங்கள். நைலான் நனைந்தால் அளவு மாறும். காய்ந்த கயிற்றில் 15 செ.மீ. என்று குறித்தது ஏரியில் வேறாக இருக்கும். ஊறவைத்து இழுத்த பிறகே அளவு போடுங்கள்.

கீழ்கயிற்றில் நீங்கள் செய்ததில் இரண்டு கோளாறு. ஒன்று, மேல்கயிற்றைவிடக் குறைவாக விட்டது. தூக்கும்போது பாரம் கீழ்கயிற்றுக்கு வந்து, வலையின் அடி குவிந்து பையாகிவிடும். தரையில் கிடக்கிற வலைக்குக் கீழ்கயிறு சற்றே நீளமாக இருக்கவேண்டும். மேலே ஆறு கண்ணிக்கு 15 என்றால் கீழே 16 செ.மீ. போதும், மொத்தத்தில் ஒன்றரை மீட்டருக்குமேல் கூடுதல் வந்துவிடும்.

இரண்டாவது கோளாறை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கீழ்கயிற்றில் ஒரு முழம் வெட்டி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கிறதா? பச்சை, நீலம் என்று கடைகளில் விற்கிற பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெத்திலீன். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் முதலாவது 0.91, இரண்டாவது 0.95. இரண்டும் மிதக்கும். நைலான் 1.14, மூழ்கும். மிதக்கிற கயிற்றைக் கீழே கட்டினால் நீங்கள் போட்ட ஈயத்தில் ஒரு பங்கு கயிற்றை அமுக்குவதற்கே செலவாகிவிடும். வலையின் அடி அங்கங்கே தரையைவிட்டு எழும்பும், மீன் கீழே நுழைந்து போய்விடும். மேலே அந்த வகைக் கயிறு இருக்கலாம், அங்கே மிதப்பது நல்லதுதான். கீழே நைலான் போடுங்கள்.

ஈயம் எவ்வளவு என்பதை ஊகத்தில் விடவேண்டாம். ஏரித் தண்ணீர் நிரப்பிய வாளியில் ஒரு மிதவையைப் போட்டு, அது மூழ்குகிறவரை ஈயத்தை ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். ஒரு மிதவையை அமுக்க எத்தனை ஈயம் தேவைப்பட்டதோ, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அந்த மிதவைக்கு நேர் கீழே உள்ள கயிற்றில் பரவி வரவேண்டும். குவித்துக் கட்டாதீர்கள். மிதவைக் கணக்கு மாறவேண்டாம், பத்துக் கட்டுக்கு ஒன்று என்று நீங்கள் வைத்தது இப்போது ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகிவிடும், அது சரியான இடைவெளி. இரண்டாவது வலைக்கு மட்டும் புதிதாகப் பதினேழு மிதவை வாங்கினால் போதும்.

கட்டு நகர்வதற்கு வருவோம். பருத்தியில் வலை முடிந்த காலத்தில் நூல் நனைந்து உப்பி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நைலான் வழுக்கும். நரம்பு இன்னும் மோசம், விறைத்து நின்று தானே அவிழும். அதனால் கட்டுநூலுக்கு நரம்பு எடுக்காதீர்கள், முறுக்கிய நைலான் நூல் எடுங்கள். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நூலை அந்தச் சுற்றுக்கு அடியிலேயே செருகி இழுத்து, அதன்மேல் இன்னொரு முடிச்சு. நனைத்துவிட்டு இறுக்குங்கள். கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப்பாருங்கள், நகர்ந்தால் அந்த இடத்திலேயே அவிழ்த்து மறுபடி போடுங்கள். பழைய கட்டுகளை அவிழ்க்கும்போது பிளேடு வேண்டாம். சின்னக் கத்தரியின் முனையைக் கயிற்றின் பக்கமாக வைத்துக் கட்டுநூலை மட்டும் வெட்டுங்கள்.

கண்ணி எண்ணுவதில்தான் பொறுமை வேண்டும். ஆறு ஆறாக எண்ணிக்கொண்டே போனால் எங்கோ ஐந்தாகும், எங்கோ ஏழாகும், கடைசியில் கயிறு மிஞ்சும் அல்லது வலை மிஞ்சும். உங்கள் கீழ்கயிறு குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கட்ட உட்காருமுன் வலையில் அறுபது கண்ணிக்கு ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். மேல்கயிற்றில் 150 செ.மீ.க்கு ஒரு பெயிண்ட் குறி, கீழ்கயிற்றில் 160-க்கு ஒன்று. சிவப்பு நூலும் குறியும் சந்திக்கிற இடத்தை முதலில் கட்டிவிட்டு, நடுவில் உள்ளதைப் பிறகு நிரப்புங்கள். தவறு வந்தாலும் அந்த ஒன்றரை மீட்டரோடு நிற்கும். மேலேயும் கீழேயும் சிவப்பு நூலை ஒரே கண்ணி வரிசையில் கட்டவேண்டும் என்பது முக்கியம். மேல் நூலிலிருந்து கண்ணி வழியே நேராக இறங்கினால் கீழ் நூல் வரவேண்டும். இது தவறினால் வலை முழுக்கச் சாய்ந்து நிற்கும், எந்த முடிச்சிலும் பிழை தெரியாது, மீனும் விழாது. இப்படிச் சாய்ந்த வலையோடு ஒரு சீசனையே ஓட்டிவிட்டு ஏரியைக் குறைசொல்கிறவர்கள் உண்டு.

பெரியவர் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டத் தெரிந்த கைக்குப் பிறர் கட்டியதைப் பிரித்துச் சரிசெய்வது புதிதாகக் கட்டுவதைவிட அலுப்பான வேலை. சிவப்பு நூல் கட்டி முடித்ததும் அவரைக் கூப்பிட்டு முதல் பத்துக் கட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடிச்சு கண்ணால் பார்த்துக் கற்கிற விஷயம், நான் எழுதிக் காட்டுவதில் பாதிதான் புரியும்.

வலை விடுமுன் ஊரில் கேளுங்கள். ஏரியில் பாடு முறை இருக்கிற இடங்களில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பத்துக்காரர்கள் முறைவைத்துத் தொழில் செய்கிறார்கள். முறை இல்லாத நாளில் அங்கே குறுக்கே வலை விட்டால் வம்பு வரும், நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். நீரோட்டம் வேகமாக இருக்கிற இடத்தில் குறுக்கே விட்டால் எவ்வளவு நன்றாகக் கட்டின வலையும் படுத்துவிடும். முதல் தடவை நீரோட்டம் தணிந்த நேரமாகப் பார்த்து, இடுப்பளவுத் தண்ணீரில் ஒரே ஒரு வலையை மட்டும் விடுங்கள். பக்கத்திலேயே நின்று, மிதவை வரிசை நேராக நிற்கிறதா, கீழ்கயிறு காலுக்குத் தட்டுப்படுகிறதா என்று வலையோரமாக நடந்து பாருங்கள். எங்கே கயிறு தரையைவிட்டு எழும்புகிறதோ அங்கே ஈயம் குறைவு. அந்த இடங்களில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு வாருங்கள். கரையில் அதைச் சரிசெய்த பிறகு இரண்டாவது வலைக்குக் கயிறு ஏற்றலாம்.