தரையில் தங்கும் சமையல் வாயு

விறகடுப்பின் புகை மேல் நோக்கிச் செல்வது. அதனால்தான் பழைய சமையலறைகளில் புகைபோக்கியும் சிறு சாளரங்களும் கூரையை ஒட்டி அமைக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரியின் உஜ்வலா திட்டத்தின் வாயிலாக, எரிவாயு சிலிண்டர் கோடிக்கணக்கான எளிய குடும்பங்களை எட்டியது. அடுப்பு மாறிற்று, சமையலறை பல வீடுகளில் மாறவில்லை. புகைக்கு ஏற்ற அறை இவ்வாயுவுக்கு ஏற்றதன்று.

சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் இது திரவமாக்கப்பட்டு அடைக்கப்படுகிறது. புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரு மடங்கு. ஆகவே கசியும் வாயு நீரைப் போலத் தரையில் படிந்து, வாசற்படியைக் கடந்து அடுத்த அறைக்கும், சாக்கடைத் துவாரத்திற்கும் பரவும். கூரையருகே உள்ள சாளரம் எவ்வளவு பெரிதாயினும் அதனால் விளையும் பயன் சிறிதே. தரைமட்டத்தில் காற்று வெளியேற வழி வேண்டும். சிலிண்டரை நான்கு புறமும் மூடிய அலமாரியினுள் வைப்பது, பார்வைக்கு அழகாயினும், தவறான வழக்கம்.

காற்றில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கு முதல் 9 பங்கு வரை கலந்திருக்கையில் இவ்வாயு தீப்பற்றும். 10 அடி நீளமும் 8 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள சமையலறையின் கொள்ளளவு 800 கன அடி. இதில் 2 பங்கு என்பது 16 கன அடி வாயு. அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். வீட்டுச் சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோகிராம். வாயு அறை முழுவதும் சீராகக் கலவாமல் கீழேயே தங்குவதால், உண்மையில் இதனினும் மிகக் குறைந்த அளவே ஆபத்துக்குப் போதும். சிலிண்டரைப் படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வெளிவரக்கூடும். ஒரு பங்கு திரவம் சுமார் 250 பங்கு வாயுவாக விரியும்.

இவ்வாயுவுக்கு இயல்பில் மணம் இல்லையெனலாம். எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளைச் சிறிதளவு சேர்த்தே நாற்றம் ஊட்டப்படுகிறது. தீப்பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேர்வதற்குள்ளாகவே மூக்கு அதனை அறிந்துவிடும். ஆனால் மூக்கு விரைவில் பழகிவிடுவதால், நாற்றம் குறைந்துவிட்டது எனக் கருதி வாளாவிருத்தல் கூடாது.

நாற்றம் எழுந்தவுடன் விளக்கைப் போட்டுப் பார்ப்பதும், மின்விசிறியைச் சுழலவிடுவதும் பலரது இயல்பு. விபரீதம் பெரும்பாலும் இங்கேதான் நேரிடுகிறது. ஸ்விட்சைப் போடும்போது மட்டுமன்று, நிறுத்தும்போதும் பொறி எழும். ஆதலின் உள்ளே எந்த ஸ்விட்சையும் தொடலாகாது. குளிர்பதனப் பெட்டி தானாகவே இயங்கி நிற்பது. அதனுள்ளும் பொறி எழக்கூடும். மெயின் ஸ்விட்ச் வீட்டிற்கு வெளியே, வாயு எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அதனை நிறுத்தலாம். அடுப்பையும் பூஜை விளக்கையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவுகளை அகலத் திறந்து, குழந்தைகளுடனும் முதியோருடனும் வெளியேறுவதே முறை. கசிவு நிற்கவில்லையெனில் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருடன் கயிற்றில் கட்டப்பட்டுள்ள மூடியைப் பொருத்த வேண்டும். வெளியே வந்த பின்னரே 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவித்தல் நலம்; தீப்பற்றிவிட்டால் 101 அல்லது 112.

கசிவைத் தீக்குச்சி கிழித்துச் சோதிப்பவர் இன்றும் உளர்! சோப்பு நீரைத் தடவினால் குமிழிகள் இடத்தைக் காட்டிவிடும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும், வெடிப்புக் கண்டால் உடனேயும் மாற்ற வேண்டும். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஓர் எழுத்தும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏ என்பது மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர் முடிய உள்ள காலாண்டைக் குறிக்கும். அதற்குள் அச்சிலிண்டர் மறு சோதனைக்கு அனுப்பப்பட வேண்டும். காலம் கடந்ததாயின், கொண்டுவந்தவரிடமே அதனைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேட்கலாம்.