காரியம் முடிந்த மறுநாள் வருகிறவர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அப்பாவின் நண்பர் மறைந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘ரத்த சொந்தம்கூட இல்லையே, இத்தனை அழுகை எதற்கு என்று வீட்டிலேயே கேட்கிறார்கள்’ என்ற வரியைத் தாண்டி வெகுநேரம் என்னால் படிக்க முடியவில்லை. கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் அழுங்கள்.

இங்கே திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். அப்பாவோடு வாத்தியாராக வேலை பார்த்தவர். சாதி வேறு, சொந்த ஊர் வேறு. எங்களுக்கு அவர் பெரியப்பா. சாவு வீட்டுக்கு அவர் எல்லோரையும் போல மாலையோடு வந்து போவார். அவருடைய நிஜமான வருகை அதற்குப் பிறகுதான். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீடு நிறைய ஆள் இருக்கும், அக்கம்பக்கத்துச் சோறு வரும். பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரம் திரும்பிப் போய், வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறிய மறுநாள் காலை வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அன்றைக்குத்தான் பெரியப்பா தூக்குவாளியோடு வருவார்.

எங்கள் அப்பா போனபோதும் அப்படியே வந்தார். இட்லியை அம்மாவின் முன்னால் வைத்து, அம்மா இரண்டு வாய் சாப்பிடும்வரை பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு ரேஷன் கார்டையும் பாஸ்புக்கையும் எடுத்துவரச் சொன்னார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப ஓய்வூதிய மனு என்று தாள்களை அடுக்கி, எங்கெங்கே அம்மா கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்தார். தாலுகா ஆபீசுக்கு அவரே கூட வந்தார். ‘காலம் எல்லாவற்றையும் ஆற்றும்’ என்ற பேச்சை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை.

எச்சம்மாள் என்ற பெண்மணியைப் பற்றி எனக்குச் சொன்னதும் பெரியப்பாதான். போளூர்ப் பக்கம் மண்டகொளத்தூரைச் சேர்ந்தவர். இயற்பெயர் லட்சுமி அம்மாள். இளம் வயதிலேயே கணவரையும் பெற்ற பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். பழகிய வீட்டில் இருக்க மாட்டாமல் எங்கெங்கோ போய், கடைசியில் இந்த மலைக்கு வந்தார். ரமண மகரிஷி அப்போது இந்த மலையிலுள்ள விரூபாட்ச குகையில் இருந்தார். அவர் முன்னால் ஒரு வார்த்தை பேசாமல் நின்ற எச்சம்மாள், திருவண்ணாமலையிலேயே தங்கிவிட்டார். அன்றாடம் சமைத்து, மலையேறிப் போய் அவருக்குக் கொடுத்த பிறகே தான் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டார். ரமணர் 1922இல் மலையடிவாரத்துக்கு வந்து, ஆசிரமம் வளர்ந்து, அங்கே பெரிய சமையலறை வந்த பிறகும் எச்சம்மாளின் சோறு நிற்கவில்லை. 1945இல் எச்சம்மாள் காலமானார்.

இதில் பெரியப்பா அழுத்திச் சொல்வது வேறோர் இடத்தை. எச்சம்மாள் செல்லம்மாள் என்ற பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்தார். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மகன் பிறந்தான். ரமணன் என்றே பெயர் வைத்தார்கள். செல்லம்மாளும் திடீரென்று இறந்துபோனாள். அந்தத் துக்கத்தோடு எச்சம்மாள் வந்து நின்றபோது ரமணரின் கண்களும் கலங்கின என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உடம்பு நான் அல்ல என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். வளர்ப்பு மகளைப் பறிகொடுத்தவளிடம் அந்தப் பாடத்தை எடுக்கவில்லை. ‘அவரே அழுதிருக்கிறார், நமக்கென்னடா?’ என்பார் பெரியப்பா. தன் மனைவி இறந்தபோது எங்கள் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற பேச்சு அன்றோடு எங்கள் வீட்டில் ஒழிந்தது.

உங்கள் கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது, போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள்: அவருடைய மனைவி இப்போது தனியாக இருக்கிறார், என்ன பேசுவதென்று தெரியாமல் போகாமலிருக்கிறீர்கள். பேச ஒன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போங்கள். கேஸ் புக் பண்ண, கரண்ட் பில் கட்ட, பேங்கில் பெயர் மாற்ற ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போங்கள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
திருவண்ணாமலையிலிருந்து